வாத்துக்கு வாங்கிய தண்ணீர்

சாக்ரமென்டோ நகரை விட்டு ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் சிறிது நேரத்திலேயே நெல்வயல் வந்துவிடுகிறது. டிசம்பர் மாதம். அறுவடை முடிந்து தாள் மடங்கிக் கிடந்த வயல்களில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். விமானத்திலிருந்து விதை தூவும் ஊர் இது. ஒரு வயலின் மறுகரை கண்ணுக்கு எட்டாது. கிழக்கே சட்டர் பட்ஸ் குன்றுகள் சமவெளியின் நடுவே துணையில்லாமல் நிற்கின்றன. மேற்கே கரையோர மலைத்தொடர். கார் ஓட்டியவன் என் தங்கை மகன், ஃபோல்சமில் வேலை பார்க்கிறான். "ஷாஸ்டா மலைக்கு இந்த ரோட்டுலதான் போவோம் மாமா. ரைட் சைடு திரும்பிப் பார்த்ததே இல்ல" என்றான்.

வில்லோஸ் என்னும் சிற்றூருக்குச் சற்றுத் தெற்கே, அந்த வலது பக்கம்தான் சாக்ரமென்டோ தேசிய வனவுயிர்ப் புகலிடம் இருக்கிறது. 10,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. உள்ளே மண்சாலையில் காரை மெல்ல உருட்டிக்கொண்டே பறவை பார்க்கலாம். குறித்த இடங்களில் மட்டும்தான் இறங்க அனுமதி. முதல் வளைவிலேயே நிறுத்தச் சொன்னேன். சம்பங்கோரைக்கு நடுவே திறந்து கிடந்த தண்ணீர் முழுக்க வாத்து. பழுப்புத் தலை, கழுத்தில் மேலேறும் வெள்ளைக் கோடு, நீண்டு கூர்ந்த வால். ஊசிவால் வாத்துதான். பக்கத்தில் அகன்ற அலகால் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தது தட்டைவாயன். இரண்டையும் கோடியக்கரையிலும் கரைவெட்டியிலும் பார்த்திருக்கிறேன். நம்மூருக்கு வருபவை ஆசியாவின் வடகோடியிலிருந்து வருகின்றன. இங்கே வருபவை பெரும்பாலும் அலாஸ்காவிலும் கனடாவிலும் பிறந்தவை. வெவ்வேறு வான்வழி, ஒரே இனம். அவற்றுக்கு அப்பால் வெள்ளையாகத் தெரிந்ததைக் கரை மணல் என்று மருமகன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு கழுகு தாழப் பறந்ததும் அந்த வெள்ளை முழுவதும் எழுந்தது. பனிவாத்துகள். கண்ணாடியை ஏற்றிவைத்த காருக்குள்ளேயே இரைச்சல் காதை அடைத்தது.

பார்ப்பவருக்கு இது ஆதியிலிருந்து இப்படியே கிடக்கும் சதுப்பு என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கும், அன்று மதியம் அங்கே வேலை செய்யும் ஒருவர் எங்களை ஒரு கரையோரம் அழைத்துப் போய் மதகைக் காட்டாமல் இருந்திருந்தால். சிமெண்டுத் தொட்டி, அதன் இரண்டு பக்கமும் காடி, காடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய மரப்பலகைகள். ஒரு பலகையை உருவினால் அந்த அளவுக்குக் குளம் வடியும். ஒன்றைச் சொருகினால் அந்த அளவுக்கு நிறையும். பாசி பிடித்த மேல் பலகையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: இந்தப் புகலிடத்தில் உள்ள தண்ணீரில் மழையாக விழுந்தது கொஞ்சம், மற்றதெல்லாம் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றி, பாசனக் கால்வாயில் ஓட்டி, கணக்கு எழுதி உள்ளே விட்டது. மதகைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கண்மாய்களின் நீர்க்கட்டி நினைவுக்கு வந்தார். எந்த மடையை எப்போது திறப்பது என்று ஊருக்காக முடிவெடுத்தவர். இங்கே அந்த வேலை வாத்துக்காக நடக்கிறது.

ஒரு காலத்தில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. குளிர்காலத்தில் சாக்ரமென்டோ ஆறும் சான் வாக்கீன் ஆறும் கரை மீறிப் பரந்து கலிபோர்னியாவின் நடுச் சமவெளியில் 40 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சதுப்பாகக் கிடந்தது என்கிறார்கள். சதுப்பு என்றால் வீணான நிலம் என்ற எண்ணம் 1850ஆம் ஆண்டே சட்டமாகிவிட்டது. மத்திய அரசு சதுப்பு நிலங்களை மாநிலங்களிடம் கொடுத்து வடித்துத் திருத்தச் சொன்னது. கரை போட்டார்கள், வடிகால் வெட்டினார்கள், பின்னால் அணைகளும் வந்தன. இன்று பழைய சதுப்பில் ஐந்து சதவீதம்தான் மிச்சம். ஆனால் பறவைகளின் வழி மாறவில்லை. பசிபிக் வான்வழியில் வலசை வரும் நீர்ப்பறவைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் இந்தச் சமவெளியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கூட்டம் வருவது நிற்காமல் வீடு மட்டும் சுருங்கியதால்தான் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஏக்கரிலும் மனிதன் புகுந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் புகலிடத்தை 1937இல் தொடங்கியதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இருந்த சதுப்பை இழந்த வாத்துகள் நெல்வயலில் இறங்கின, விவசாயிகள் பொறுக்கவில்லை. வாத்துக்குத் தனியாக இடம் கொடுத்தால் வயல் பிழைக்கும் என்று ஒரு பண்ணையை அரசு விலைக்கு வாங்கியது. பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்த படையைச் சேர்ந்தவர்கள் வந்து கரையும் கால்வாயும் வெட்டினார்கள். உவர் மண் ஏறிய, புல்லும் சரியாக முளைக்காத நிலத்தில் வெட்டிய சதுப்பு இது.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வசந்தத்தில், மார்ச் முதல் மே வரை, குளத்தை மெல்ல வடிக்கிறார்கள். எந்த வாரம் வடிக்கிறோம் என்பதைப் பொறுத்து எந்தப் புல் முளைக்கும் என்பது அமையும். முன்கூட்டி வடித்தால் தரையோடு படரும் ஒரு வகை டிமதிப் புல் வரும். பிந்தினால் உயரமாக வளரும் நீர்ப்புல் வரும். இந்த நீர்ப்புல் நம் குதிரைவாலிக்கு நெருங்கிய உறவு. நெல்வயலில் களை என்று பிடுங்கி எறிவதை இங்கே பயிராக வளர்க்கிறார்கள். கோடையில் ஒன்றிரண்டு தண்ணீர் பாய்ச்சி விதை பிடிக்க வைக்கிறார்கள். சம்பு அடர்ந்துவிட்டால் வாத்து இறங்க இடமிருக்காது, டிராக்டர் விட்டு உழுது மடக்க வேண்டும், சில இடங்களில் தீயிட வேண்டும். செப்டம்பர் தொடங்கி மறுபடி தண்ணீர் விடுகிறார்கள். முழங்காலுக்கும் கீழே, பத்து அங்குலத்தைத் தாண்டாமல். தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேயும் வாத்தின் கழுத்து எட்டும் ஆழம் அவ்வளவுதான். அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு அங்குலமும் பறவைக்கு எட்டாத தண்ணீர். ஆனால் அதற்கும் காசு கொடுத்தாக வேண்டும். வெயில் தணியும் முன் நிரப்பினால் கொசு பெருகும், கொசு ஒழிப்புக்குத் தனிச் செலவு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பாட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நஞ்சும் உண்டாகும். கழுத்து துவண்டு வாத்துகள் கும்பலாகச் சாகும். இத்தனையும் பார்த்து நாள் குறிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1930களின் தொடக்கத்தில் வாத்துகள் குஞ்சு பொரிக்கும் வடக்குப் புல்வெளிகள் வறண்டு, புழுதிப் புயல் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே சந்தைக்காக வேட்டையாடியவர்கள் வண்டி வண்டியாகச் சுட்டு விற்றிருந்தார்கள். 1918ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1929இல் புகலிடங்களுக்கு நிலம் வாங்கலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் வாங்கப் பணம் இல்லை. 1934இல் ரூஸ்வெல்ட் ஒரு கார்ட்டூனிஸ்டைக் கூப்பிட்டு உயிரியல் துறைக்குத் தலைவராக்கினார். அவர் அயோவா மாநிலத்துப் பத்திரிகைக்குப் படம் போட்டவர், புலிட்சர் பரிசு வாங்கியவர், வாத்து வேட்டைக்காரர்: ஜே நார்வுட் டார்லிங். 'டிங்' டார்லிங் என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு மார்ச்சில் வந்த சட்டம் எளிமையானது. பதினாறு வயது நிரம்பியவர் நீர்ப்பறவை வேட்டைக்குப் போக வேண்டுமானால் ஒரு டாலர் கொடுத்து ஒரு ஸ்டாம்ப் வாங்க வேண்டும். நம் ரெவின்யூ ஸ்டாம்ப் போன்றது, கடிதத்தில் ஒட்ட முடியாது. முதல் ஸ்டாம்பின் படத்தை டார்லிங்கே வரைந்தார்: காற்றை எதிர்த்துத் தண்ணீரில் இறங்கும் இரண்டு மல்லார்ட் வாத்துகள். முதல் ஆண்டில் 6,35,001 ஸ்டாம்ப் விற்றது.

இப்போது விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இப்படி 60 லட்சம் ஏக்கர் அளவுக்குப் பாதுகாத்திருக்கிறார்கள். இதோடு 1937இல் இன்னொரு சட்டம் சேர்ந்தது. நீளக்குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி, இன்று 11 சதவீதம். அந்தப் பணம் மாநிலங்களின் வனவுயிர்த் துறைக்கு. அதில் ஒரு நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. வேட்டை உரிமத்தில் வரும் வருமானத்தை வேறு எதற்கும் திருப்ப மாட்டோம் என்று மாநிலம் சட்டம் போட்டால்தான் மத்தியப் பணம் கிடைக்கும். சாலைக்கும் சம்பளத்துக்கும் கஜானா காலியாக இருந்த காலத்தில் போட்ட சட்டம் அது. இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது.

ஸ்டாம்புப் பணத்தில் வாங்கிய புகலிடத்தில் வேட்டையாடலாமா என்ற கேள்விக்கு ஆரம்பத்தில் கூடாது என்றுதான் பதில். 1949இல் விலையை இரண்டு டாலராக ஏற்றியபோது கால் பங்கைத் திறந்துவிட்டார்கள். 1958இல் அது 40 சதவீதமானது. மிச்ச இடத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கக்கூடாது. அதே 1958ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ஸ்டாம்புப் பணம் நிலம் சேர்க்க மட்டுமே என்று இறுக்கிக் கட்டியது. நிலத்துக்கு அது நல்லதாயிற்று. ஆனால் வாங்கிய நிலத்தில் ஆண்டுதோறும் நிற்க வேண்டிய தண்ணீருக்கும், பம்பு ஓடும் மின்சாரத்துக்கும், கரையில் எலி தோண்டிய ஓட்டையை அடைக்கும் ஆளுக்கும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. அது பட்ஜெட்டில் ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்க வேண்டியது. மதகைக் காட்டியவரிடம் இதைக் கேட்டபோது, நிலம் வாங்கியவர்களின் பெயர் பலகையில் இருக்கும், டிராக்டருக்கு டீசல் போட்டவரின் பெயர் எங்கும் இருக்காது என்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்தது. எனக்கும் நியாயமாகப் பட்டது. நம்மூரில் ஏரியைத் தூர்வார ஒதுக்கும் தொகை செய்தியாகும். அடுத்த பத்தாண்டு மதகுக்குக் கிரீஸ் போட யாரும் ஒதுக்குவதில்லை.

புகலிடத்தில் புதன், சனி, ஞாயிறு மூன்று நாள் வேட்டைக்கு அனுமதி. வெள்ளிக்கிழமை மாலை சோதனைச் சாவடி முன்னால் போய் நின்றோம். நிலம் மத்திய அரசுடையது, வேட்டை நிர்வாகம் மாநில வனவுயிர்த் துறையுடையது. மண் மைதானம் நிறையப் பிக்கப் வண்டிகள், பின்னால் கூண்டுகளில் லாப்ரடார் நாய்கள், மடக்கு நாற்காலிகள், அடுப்பில் ஏதோ வதங்கும் வாசம். முன்பதிவுக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் முதலில். பிறகு அன்று மாலை குலுக்கலில் எண் வருபவர்கள். அதற்கும் பிறகு, உள்ளே போனவர் வெளியே வந்தால் அந்த இடத்துக்குப் போகலாம் என்று விடிய விடியக் காத்திருப்பவர்கள். ஆளுக்கு 25 தோட்டாவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. எட்டாத பறவையை நோக்கிச் சுட்டுக் காயப்படுத்துவது இதனால் குறைகிறது.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தன் பேத்தியோடு வந்திருந்தார். பதினைந்து வயதுப் பெண். இந்தச் சமவெளியில் மிஞ்சிய சதுப்பில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் கையில், பெரும்பாலும் வாத்து வேட்டைச் சங்கங்களிடம் இருக்கிறது. அங்கே உறுப்பினராக நிறையப் பணம் வேண்டும். தன் அப்பா தோட்டத் தொழிலாளி என்றும், இந்தப் பொதுச் சதுப்பு இல்லையென்றால் தங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு வாத்தைக்கூடக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். துப்பாக்கி தொடாத துணையாளாக என்னைத் தங்களோடு கூட்டிக்கொள்ளச் சம்மதித்தார். மருமகனுக்கு இதில் ஒட்டவில்லை. "நீங்க போயிட்டு வாங்க மாமா, எனக்கு மனசு வரல" என்று காரிலேயே இருந்துவிட்டான். நான் வற்புறுத்தவில்லை.

இருட்டில் மார்பளவு ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு முழங்காலுக்குக் கீழான தண்ணீரில் நடந்தோம். அடியில் சேறு காலைக் கவ்வியது. மேலே எங்கோ இறக்கைகள் விசிறிக்கொண்டு போகும் ஓசை. கோரைக்கு நடுவே மறைவிடத்தில் உட்கார்ந்ததும் பேத்தி போலி வாத்துகளைக் காற்றின் திசை பார்த்து மிதக்கவிட்டாள். கோரைப் புல்லில் பின்னி உண்டாக்கிய போலி வாத்துகள் பக்கத்து நெவாடா மாநிலத்துக் குகை ஒன்றில் 1924இல் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை அவற்றுக்கு. இந்தத் தொழில் இங்கே அவ்வளவு பழசு. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்புதான் சுடத் தொடங்கலாம். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரமாவதற்கு முன் தலைக்கு மேலேயே வாத்துகள் இறங்கின. ஒருவரும் துப்பாக்கியை எடுக்கவில்லை.

விடிந்து நெடுநேரம் கழித்து ஒரு ஊசிவால் ஆண் வட்டமிட்டுத் தாழ்ந்தது. பெண் எழுந்து சுட்டாள். பறவை காற்றில் மடங்கி விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, மறைக்க ஒன்றுமில்லை. நாய் கவ்விக்கொண்டு வந்து பெரியவர் கையில் வைத்தது. இன்னும் சூடாக இருந்தது. விலாவில் மயிரிழை மயிரிழையாகச் சாம்பல் கோடுகள், அலகின் ஓரம் நீலம். பெரியவர் அதன் கழுத்தைத் தடவி, உணவுக்குழாய் புடைத்திருந்த இடத்தில் கத்தியால் கீறி, என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கடுகைவிடச் சிறிய விதைகள், ஒரு கரண்டி இருக்கும். அவற்றோடு ஒன்றிரண்டு நெல்மணி. ஏப்ரலில் பலகையை உருவிய வாரத்தில் முளைத்த டிமதிப் புல்லின் விதை. அடுத்த வயலில் அறுவடை இயந்திரம் சிந்திய நெல். முந்தின நாள் மதகின் முன்னால் நின்று கேட்டது முழுவதும் என் கையில் இருந்தது.

சுடப் பயன்படுத்தும் ரவை எஃகு. ஈய ரவைக்கு 1991 முதல் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் தடை. சேற்றில் விழுந்த ஈயத்தைச் சிறுகல் என்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் செத்தன. அவற்றைத் தின்ற கழுகுகளும் செத்தன. வேட்டைக்காரர்கள் பலர் முதலில் எதிர்த்ததையும் தானே அந்தக் கூட்டத்தில் இருந்ததையும் பெரியவர் சொன்னார். வெளியே வரும்போது சாவடியில் ஒவ்வொரு பறவையையும் எடுத்துப் பார்த்து, இனம் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஊசிவால் தொகை குறைந்துபோனதால் பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. இந்த எண்ணிக்கையெல்லாம் யாரோ ஓர் அதிகாரியின் விருப்பம் இல்லை. 1955 முதல் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கும் நிலங்களின் மேல் விமானத்தில் பறந்து எடுக்கும் கணக்கிலிருந்து வருவது.

நான் வேட்டையை விரும்புகிறவன் இல்லை. இந்தப் பயணம் அதை மாற்றவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைக் கட்டுப்படுத்தியதை நன்மை என்றே இன்றும் நினைக்கிறேன். பரத்பூரில் மகாராஜா விருந்தாளிகளுக்காகக் கட்டிய வாத்துச் சதுப்பில் 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது கல்வெட்டிலேயே இருக்கிறது. அந்தக் கேளிக்கையையும், ஏழு வாத்து என்ற அன்றாட வரம்புக்குள் தோட்டாவை எண்ணிக்கொண்டு போகும் இந்தப் பெரியவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. ஒரு சதுப்பு தங்களுக்கு வேண்டும் என்று மக்கள் நினைத்தால்தான் அது நிற்கும். வேடந்தாங்கல் ஊரார் 1798லேயே கலெக்டரிடம் எழுதி வாங்கி ஏரிப் பறவைகளைக் காத்தார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. இங்கே வேட்டைக்காரனுக்கு வேண்டியிருக்கிறது. அவன் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறான்.

ஆனால் அவன் எண்ணிக்கை குறைகிறது. 1970களின் தொடக்கத்தில் 24 லட்சம் வரை விற்ற ஸ்டாம்ப் இப்போது 15 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. சனிக்கிழமை சாவடியில் பார்த்த முகங்களில் நரைத்தவையே அதிகம். அதே சமயம் காரில் சுற்றிவந்து படம் எடுப்பவர் கூட்டம் பெருகுகிறது. தொலைநோக்கிக்கும் முதுகுப்பைக்கும் கூடாரத்துக்கும் சிறு வரி போட்டு வனவுயிருக்குக் கொடுக்கலாம் என்று 1990களில் ஒரு முயற்சி நடந்தது. அவற்றைத் தயாரிப்பவர்கள் எதிர்த்ததில் அது விழுந்தது. 2022இல் வேறு வழியில் மாநிலங்களுக்குப் பணம் தர ஒரு மசோதா கீழவையில் நிறைவேறியது, மேலவையைத் தாண்டவில்லை. பறவை பார்க்கிறவர்கள் பக்கம் நிற்பவன் நான். எங்களில் பெரும்பாலோர் இந்தச் செலவில் பங்கு போடாமல் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம். இது சரியில்லை. ஸ்டாம்பை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், துப்பாக்கி தேவையில்லை. அதைக் காட்டினால் கட்டணம் வாங்கும் புகலிடங்களில் நுழைவும் இலவசம். நான் ஒன்று வாங்கினேன். மருமகன், காரில் உட்கார்ந்திருந்தவன், இன்னொன்று வாங்கினான்.

அங்கிருந்து தெற்கே நெடுந்தூரம், லாஸ் பானோஸ் வரை போனோம். கலிபோர்னியா அரசு முதன்முதலில் நீர்ப்பறவைக்கென்று 1929இல் நிலம் ஒதுக்கியது அங்கேதான். வடக்கே தாராளமாகத் தெரிந்த தண்ணீர் இங்கே இல்லை. ஃப்ரையன்ட் அணை கட்டியபின் சான் வாக்கீன் ஆற்றின் தண்ணீர் வயல்களுக்குத் திரும்பிவிட்டது. கடைமடையில் சதுப்புக்குக் கிடைத்தது வயல்களின் கழிவு நீர். அந்தக் கழிவு நீரைக் கொண்டுபோய்க் கெஸ்டர்சன் என்ற இடத்துக் குளங்களில் தேக்கினார்கள். புகலிடமும் அதுதான், வடிகால் தொட்டியும் அதுதான். 1983இல் அங்கே கூடு கட்டிய நாமக்கோழிகளின் முட்டைகளைப் பார்த்த ஆய்வாளர்கள் திகைத்துப்போனார்கள். கண் இல்லாத குஞ்சுகள், கோணிய அலகுகள், கால் இல்லாத கருக்கள். மண்ணில் இருந்த செலினியம் பாசன நீரில் கரைந்து, குளத்தில் வற்றித் திரண்டு, புழு வழியாகப் பறவைக்குள் ஏறியிருந்தது. குளங்களை மூடி மண் நிரப்பினார்கள். நாங்கள் பார்த்தபோது அது வெறும் புல்தரை. நிறுத்தி இறங்க அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் இறங்கினோம்.

கெஸ்டர்சனுக்குப் பிறகுதான் பறவைக்கும் நல்ல தண்ணீரில் உரிமை உண்டு என்ற பேச்சு வலுத்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் சமவெளியின் 19 சதுப்புப் பகுதிகளுக்கு இவ்வளவு தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தது. அதில் இரண்டு படி. முதல் படி அன்றுவரை சராசரியாகக் கிடைத்துவந்தது. அது மத்திய அரசின் பாசனத் திட்டக் கால்வாயிலிருந்து வரும், கடும் வறட்சியில் கால் பங்கு வரை வெட்டலாம். இரண்டாம் படி, சதுப்பை முழுமையாக நடத்தத் தேவையான மிச்சம். அதை விற்க முன்வருபவரிடம் சந்தையில் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5.5 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது அத்தனை ஏக்கரில் ஓர் அடி நிற்கும் தண்ணீர். மழை பெய்த ஆண்டில் விலை மலிவு, அப்போது அவசரமும் இல்லை. வறண்ட ஆண்டில் பாதாம் தோட்டக்காரன் கொடுக்கும் விலையை வாத்துக்காக யாராலும் கொடுக்க முடிவதில்லை. இரண்டாம் படி பெரும்பாலான ஆண்டுகளில் நிறைவதில்லை. வடக்கேயும் வறட்சி விட்டுவைக்கவில்லை: 2022இல் சாக்ரமென்டோ சமவெளியில் நெல் பாதிப் பரப்பில்தான் விதைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் சிந்திய நெல்லும் குறைவு, வயலில் தண்ணீரும் குறைவு. வந்த பறவையெல்லாம் இருந்த சில குளங்களில் நெருக்கியடித்தன.

லாஸ் பானோஸில் கால்வாய்க் கரையில் மதகு பார்க்கும் ஒருவரோடு மாலை வரை நின்றோம். தண்ணீர் குறைந்தால் எதை விடுவீர்கள் என்று கேட்டேன். கோடைத் தண்ணீரைத்தான் என்றார். அக்டோபர் கடைசியில் வேட்டை தொடங்கும் நாளில் குளம் நிறைந்திருக்க வேண்டும், பணம் கட்டியவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள். ஜூனில் புல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீர் நின்றால் அந்தக் குளிர்காலம் விதை குறையும், அது தெரிந்தும் அதைத்தான் வெட்டுகிறோம் என்றார். அதைவிட மோசம் அவருக்கு வேறொன்று. மல்லார்ட் வாத்துகளில் பல வலசை போகாமல் இங்கேயே தங்கி, வசந்தத்தில் முட்டையிடும். குஞ்சுக்கு ஜூன், ஜூலையில் தண்ணீரும் அதில் பூச்சியும் வேண்டும். குளிர்கால வேட்டைக்கென்று வகுத்த கால அட்டவணையில் அந்த மாதங்கள் வறண்ட மாதங்கள். கலிபோர்னியாவில் முட்டையிடும் மல்லார்ட் குறைந்துகொண்டே வருகிறது. நீரை நம்பியிருக்கும் ஒரு பெரிய பாம்பினமும் அழிவு அச்சுறுத்தலில் இருக்கிறது. வேட்டைக்காரர் சங்கங்களே இப்போது கோடையில் சில குளங்களையாவது வடிக்காமல் வைக்கப் பணம் கேட்டு அலைகின்றன.

எங்கள் எதிரே இருந்த குளத்தைக் காட்டி, இதைத்தான் வரும் ஆகஸ்ட் வரை நிறைத்து வைக்கப் பார்க்கிறோம் என்றார். பம்பு தயார், பலகை தயார், மின்கட்டணத்துக்கு ஏற்பாடும் ஆகியிருக்கிறது. தண்ணீருக்கு மட்டும் இன்னும் உறுதி இல்லை. மலையில் பனி எவ்வளவு விழுகிறது என்று பார்த்து, பிப்ரவரியில்தான் ஒதுக்கீட்டை அறிவிப்பார்களாம்.